ஆவுளியா பசுவுக்கு உறவா, ஓங்கில் பசுவுக்கு உறவா?

நீங்கள் எழுதியிருப்பது பார்வைக்கு ஒரே கேள்விதான். பிரித்துப் பார்த்தால் மூன்று இருக்கின்றன. மண்டபத்துக்குப் பக்கத்தில் வாடைக்காற்றுக் காலத்தில் கரை ஒதுங்கிய ஒரு விலா எலும்பு கல்லைப் போலக் கனக்கிறது, ஆகவே அது பல கோடி ஆண்டுப் பழைய புதைபடிவமாக இருக்குமா என்பது ஒன்று. ஊர்ப் பெரியவர்கள் அதை ஆவுளியா எலும்பு என்கிறார்கள், ஆவுளியாவைக் கடல் பசு என்கிறோம், அப்படியானால் தொழுவத்துப் பசுவின் முன்னோர் கடலில் இறங்கித்தான் ஆவுளியா ஆயினவா என்பது இரண்டு. திமிங்கலமும் ஓங்கிலும் (டால்பின்) குளம்புள்ள விலங்குகளிலிருந்து வந்தவை என்று ஒருவர் சொன்னாராம், அதற்குக் கையில் பிடித்துக் காட்டும்படி சான்று உண்டா என்பது மூன்று. எலும்பைப் பார்த்து உறவு சொல்கிறார்களே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் 27 ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் நான். முதுகெலும்பிகளின் எலும்புக்கூடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பாடம். பாறைகளின் வயதைக் கணிப்பது என் தொழில் அன்று. கீழே வரும் வயதுக் கணக்குகளை நிலவியலார் சொன்னபடியே தருகிறேன்.

முதலில் உங்கள் எலும்பு. கனத்தை வைத்துப் புதைபடிவம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆட்டின் விலாவையோ மாட்டின் விலாவையோ குறுக்கே அறுத்தால் உள்ளே கடற்பஞ்சு போன்ற துளைகள் தெரியும். ஆவுளியாவின் விலாவை அறுத்தால் பெரும்பாலும் தந்தத்தைப் போல இறுகிய திண்ணெலும்பே தெரியும். மச்சைக்கான குழி இராது. ஆழமில்லாத நீரில் கடல் தாழை என்னும் கடற்புல்லை மேய்ந்துகொண்டு அடியிலேயே நிற்க வேண்டிய விலங்குக்கு இந்தக் கனம் வேண்டும். முத்துக்குளிப்பவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியதைப் போல, அது தன் கல்லை விலாக்கூட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே 20 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஆவுளியாவின் விலாவும் கையில் கல்லாகத்தான் கனக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் எலும்பின் வளைவும் பருமனும் வாழைப்பழத்தை ஒத்திருப்பதால் பெரியவர்கள் சொன்னது சரியாக இருக்கக்கூடும் என்பது என் எண்ணம். படத்தை மட்டும் வைத்து இதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது.

அது பல கோடி ஆண்டுப் பழையதாக இருக்க வாய்ப்பில்லை என்பதை எலும்பைக் காட்டிலும் உங்கள் கரையே நன்றாகச் சொல்கிறது. இராமேசுவரம், பாம்பன் பகுதியில் கடல் மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும் பழைய பவளப்பாறைத் திட்டுகளைக் கதிர்க்கரிம முறையில் ஆராய்ந்தபோது ஏறக்குறைய 4000 ஆண்டு என்ற வயது கிடைத்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் நீரில் ஒரு பங்கு நிலத்தின் மேல் பனியாக உறைந்து கிடந்த காலத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டர் ஆழந்தான். இன்று ஆவுளியா மேயும் இடம் அப்போது தரை. மான்களும் மாடுகளும் அங்கே நடந்து திரிந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை, ஆனால் ஊகம் ஊகமே. நாம் பேசப்போகும் கதை 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. அதற்கான பாறைகள் கட்ச்சிலும் சம்முவிலும் பாகிஸ்தானிலும் இருக்கின்றன, நம் கரை மணலில் இல்லை.

இனி ஆவுளியா. கடல் பசு என்கிறோம், சில ஊர்களில் கடல் பன்றி என்றும் சொல்கிறோம். பசு, பன்றி இரண்டுமே இரட்டைக் குளம்பு விலங்குகள். ஆவுளியாவோ இரண்டுக்குமே நெருங்கிய உறவில்லை. (ஆ என்றால் பசு, ஆகவே ஆவுளியா என்று ஒரு மாணவன் வகுப்பில் விளக்கம் சொன்னான். சொற்பிறப்பில் நான் தலையிடுவதில்லை.) அதன் நெருங்கிய உறவு யானை. இதைச் சொன்னால் வகுப்பில் சிரிப்பு எழும். அப்போது நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: ஆவுளியாவுக்குப் பால்காம்பு எங்கே இருக்கிறது? பழைய மீனவர் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவராவது, முன்துடுப்பின் கக்கத்தில் என்று வீட்டில் கேட்டதைச் சொல்லிவிடுவார்கள். பசுவுக்கு மடி பின்னங்கால்களுக்கு இடையில். யானைக்கு முன்னங்கால்களுக்கு இடையில். ஓங்கிலுக்கோ வயிற்றின் பின்பகுதியில், வாலுக்கு முன்னால், இரண்டு பிளவுகளுக்குள் காம்புகள் ஒளிந்திருக்கும். காம்பு இருக்கும் இடத்தை மட்டும் வைத்து உறவு சொல்லிவிட முடியாது, மனிதனுக்கும் வௌவாலுக்கும் கூட மார்பில்தான். ஆனாலும் இந்த வழக்கில் அந்தக் குறிப்பு சரியான திசையைத்தான் காட்டியது. வயிறும் அதே பக்கம் சாய்கிறது: ஓங்கிலுக்கு மாட்டைப் போலப் பல அறை கொண்ட இரைப்பை, ஆவுளியாவோ யானையைப் போல, தின்ற புல்லைக் குடலின் பின்பகுதியில் நொதிக்கவைத்துச் செரிக்கிறது.

யானை, ஆவுளியா, ஆப்பிரிக்கப் பாறைகளில் வாழும் முயலளவு விலங்கான ஹைராக்ஸ் ஆகிய மூன்றையும் ஒரே கூட்டமாக 1945-இலேயே சிம்சன் என்னும் புதைபடிவ ஆய்வாளர் வகைப்படுத்தினார். 1990-களின் இறுதியில் வந்த மரபணு ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தியதோடு, இக்கூட்டம் முழுவதும் ஆப்பிரிக்காவில் தனியே கிளைத்த ஒரு பெருங்குடும்பத்தின் பகுதி என்றும், மாடு குதிரை வகையறாவிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துவிட்டது என்றும் காட்டின. இந்த அளவு உறுதி. இம்மூன்றுக்குள் எந்த இரண்டு மிக நெருக்கம் என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. புதைபடிவச் சான்றில் எனக்கு மிகப் பிடித்தது ஜமைக்காவில் கிடைத்து 2001-இல் டாம்னிங் விவரித்த பெசோசைரன்: ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழையது, நான்கு கால்கள் உண்டு, இடுப்பெலும்பு முதுகெலும்போடு இணைந்திருந்ததால் அந்தக் கால்களால் தரையில் உடலைத் தாங்க முடிந்தது, ஆனால் விலாக்கள் அப்போதே கனத்திருந்தன. நடக்கத் தெரிந்த ஆவுளியா என்றே சொல்லலாம். நம் நாட்டில், கட்ச்சில், சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய படிவுகளிலிருந்து பாரதிசைரன், கட்ச்சிசைரன், டாம்னிஞ்சியா என்று பல பேரினங்கள் கிடைத்திருக்கின்றன. அன்று ஒரே கடலில் பல வகைகள் மேய்ந்தன. இன்று இந்தியக் கடல் முழுவதற்கும் எஞ்சியிருப்பது ஓரினம்.

ஆக, ஆவுளியா பசுவன்று. அப்படியானால் கடலில் பசுவின் உறவு யார்? ஓங்கில்தான்; அதுவும் திமிங்கலக் கூட்டத்தைச் சேர்ந்ததே. அதற்குப் போகுமுன் குளம்பைப் பற்றி ஒரு சொல். குளம்பு என்பது நகம் தடித்து விரல் நுனியை மூடிக்கொண்ட அமைப்பு. ஓடிப் பிழைக்கும் விலங்குகளில் அது ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது. எனவே குளம்பு இருப்பதாலேயே இரண்டு விலங்குகள் உறவினர் ஆகிவிடா. குதிரை, காண்டாமிருகம், டாப்பிர் ஆகியவற்றில் உடலின் பாரம் நடுவிரலில் இறங்குகிறது. ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை ஆகியவற்றில் மூன்றாம் நான்காம் விரல்களுக்கு இடையே பகிர்ந்து இறங்குகிறது. முதல் கூட்டத்தின் பழங்கதையில் குதிரைக்குத்தான் பெயர் அதிகம்: 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நரி அளவில், முன்காலில் நான்கும் பின்காலில் மூன்றும் விரல் கொண்டிருந்த விலங்கு, கிளைத்துக் கிளைத்து, பல கிளைகள் பட்டுப்போய், எஞ்சிய ஒரு கிளையே ஒற்றைக் குளம்பாக நிற்கிறது. பாடநூலில் குதிரைகளை வரிசையாக நிறுத்திப் படம் போடுவார்கள்; அது ஏணி அன்று, புதர். குசராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, ஏறக்குறைய 5.45 கோடி ஆண்டுப் பழைய கேம்பேதீரியம் இந்தக் கூட்டத்தின் வாசலில் நிற்கும் உறவு என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அதை வைத்து இக்கூட்டமே அன்று தனியே நகர்ந்துகொண்டிருந்த இந்திய நிலத்துண்டில்தான் பிறந்தது என்று சொல்வோர் உண்டு. அது எனக்குக் கவர்ச்சியான கருத்து, ஆனால் நிறுவப்பட்ட கருத்து என்று சொல்லமாட்டேன்.

இரண்டாம் கூட்டத்தின் முத்திரை கணுக்காலில் இருக்கிறது. இதை நீங்களே பார்க்கலாம். கறிக்கடையில் ஆட்டின் பின்னங்காலை, முழங்காலுக்குக் கீழே பின்னோக்கி மடங்கும் மூட்டோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள். கீழக்கரைப் பக்கம் பாயா வைக்கும் வீட்டில் நன்றாக வெந்த பிறகு தேடினால் இன்னும் எளிது. அந்த மூட்டுக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு சிறிய எலும்பு இருக்கும், அஸ்ட்ராகலஸ் என்பார்கள். படகில் கயிறு ஓடுகிற கப்பியின் பள்ளம் போல அதன் மேல்முனையில் ஒரு பள்ளம், கீழ்முனையிலும் ஒரு பள்ளம். குதிரைக்கும் நாய்க்கும் மனிதனுக்கும் மேல்முனையில் மட்டுமே உண்டு. இந்த இரட்டைக் கப்பி, இரட்டைக் குளம்பு விலங்குகளில் மட்டுமே காணப்படுவது. உடைந்த ஓர் எலும்பு கிடைத்தாலும் அதைக் கொண்டு இனக்கூட்டத்தைச் சொல்லிவிடலாம்.

திமிங்கலத்துக்குப் பின்னங்காலே இல்லையே, கணுக்கால் எலும்பை எங்கே தேடுவது? இதுதான் நெடுங்காலச் சிக்கல். 1966-இல் வான் வேலன் என்னும் ஆய்வாளர், திமிங்கலங்கள் மெசோனிக்கிட் என்னும் குளம்புள்ள ஊனுண்ணிகளிலிருந்து வந்திருக்கலாம் என்றார்; பழைய திமிங்கலங்களின் முக்கோணப் பற்களும் அவற்றின் பற்களும் அவ்வளவு ஒத்திருந்தன. 1981-இல் பாகிஸ்தானில் கிடைத்த மண்டையோட்டுக்கு ஜிஞ்சரிச்சும் ரஸ்ஸலும் பாகிசீட்டஸ் என்று பெயரிட்டார்கள். அதன் செவி எலும்பில் திமிங்கலத்துக்கே உரிய அடையாளம் இருந்தது. நம் கரையில் செத்த ஓங்கில் மக்கிய இடத்தில் சோழி போன்ற கனத்த எலும்பு ஒன்றைச் சில சமயம் பார்க்கலாம். அதுதான் செவிக்கூடு, அதன் உட்பக்கச் சுவர் மட்டும் தடித்துத் திரண்டிருக்கும். சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய, ஆற்றங்கரைப் படிவில் கிடைத்த நிலவிலங்கான பாகிசீட்டஸுக்கும் அந்தத் தடிப்பு இருந்தது. 1994-இல் விவரிக்கப்பட்ட ஆம்புலோசீட்டஸ் நடக்கவும் நீந்தவும் வல்லது. எகிப்தின் பாலைவனத்தில், வாதி அல் ஹிதான் என்னும் இடத்தில், 15 மீட்டரைத் தாண்டும் பசிலோசாரசுக்குச் சிறு பிள்ளையின் கால் அளவே ஆன பின்னங்கால்கள் இருந்ததை 1990-இல் கண்டறிந்தார்கள். கட்ச்சிலிருந்து அசோக் சாஹ்னியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-கள் தொட்டு விவரித்த திமிங்கலங்களும் இந்த வரிசையில் சேர்ந்தன.

இதற்கிடையே மரபணுக்காரர்கள் வேறொன்று சொல்லத் தொடங்கினார்கள். திமிங்கலங்கள் இரட்டைக் குளம்பு விலங்குகளுக்குப் பக்கத்து வீடு அல்ல, அதே வீட்டின் ஓர் அறை. நீர்யானை அடுத்த அறை என்றார்கள். அவர்கள் காட்டிய சான்றை ஓலைச்சுவடியை வைத்து விளக்கலாம். இரண்டு சுவடிகளில் ஒரே பாட்டில், ஒரே சீரில், ஒரே பிழை இருந்தால், இரண்டும் அந்தப் பிழை கொண்ட ஒரே மூலத்திலிருந்து படியெடுத்தவை என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வார். மரபணுத் தொடரில் தற்செயலாக வந்து ஒட்டிக்கொள்ளும் துண்டுகள் அத்தகைய பிழைகள். சப்பானிய ஆய்வாளர்கள் 1997-இலும் 1999-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், அத்தகைய துண்டுகள் சில திமிங்கலத்திலும் நீர்யானையிலும் அதே இடத்தில் இருந்தன, பன்றியிலும் ஒட்டகத்திலும் இல்லை. எலும்பாய்வாளர்கள் பலர் அப்போது இதை ஏற்கவில்லை, நானும் வகுப்பில் மெசோனிக்கிட் பாடத்தையே இன்னும் சில ஆண்டுகள் நடத்தினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

2001 செப்டம்பரில் வழக்கு முடிந்தது. ஜிஞ்சரிச் குழு பாகிஸ்தானிலிருந்து ரோடோசீட்டஸ், ஆர்ட்டியோசீட்டஸ் என்னும் கால் உள்ள திமிங்கலங்களின் கணுக்காலை வெளியிட்டது. அதே வாரத்தில் தெவிஸ்ஸன் என்னும் ஆய்வாளரின் குழு பாகிசீட்டஸின் எலும்புக்கூட்டை வெளியிட்டது. இரண்டிலும் அஸ்ட்ராகலஸுக்கு இரட்டைக் கப்பி இருந்தது. அதுவரை மெசோனிக்கிட் கட்சியில் இருந்த ஜிஞ்சரிச், தன் கையில் கிடைத்த எலும்பைக் கண்டு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். எலும்பும் மரபணுவும் தனித்தனி வழியில் வந்து ஒரே வாசலில் நின்றதால்தான் இதை உறுதி என்ற பட்டியலில் வைக்கிறேன். பல்லின் ஒற்றுமை, ஒரே மாதிரி இரையை வெட்டித் தின்றதால் தனியே வந்த ஒற்றுமையாகப் போயிற்று.

இதில் நம் நாட்டுப் பங்கு தனியே சொல்லத் தக்கது. சம்முவின் காலாகோட் பகுதியில் நிலவியலாளர் ரங்கா ராவ் சேகரித்த சிறிய குளம்பு விலங்குக்கு அவரே 1971-இல் இந்தோஹையஸ் என்று பெயர் வைத்தார். அவர் சேர்த்த பாறைக் கட்டிகள் அவர் மறைவுக்குப் பின்னும் உடைக்கப்படாமல் கிடந்து, அவருடைய துணைவியார் வழியாகத் தெவிஸ்ஸனிடம் சேர்ந்தன. ஆய்வகத்தில் சுத்தம் செய்யும்போது செவி எலும்பு ஒன்று தவறி உடைந்தது. உடைந்த பக்கத்தைப் பார்த்தால், திமிங்கலத்தின் அதே உட்சுவர்த் தடிப்பு. 2007 டிசம்பரில் சுனில் பாஜ்பாய் உள்ளிட்டோருடன் சேர்ந்து இதை வெளியிட்டார். நம் மலைக்காட்டுச் சருகுமானை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அந்த உருவம், 4.8 கோடி ஆண்டு. கால் எலும்புகளின் சுவர் தடித்து உட்குழி சுருங்கியிருந்தது. பல்லின் ஆக்சிஜன் ஓரிடத்தான் (ஐசோடோப்பு) அளவும் நீரில் வெகுநேரம் கழித்த விலங்கையே காட்டியது. சருகுமானின் ஆப்பிரிக்க உறவு ஒன்று இன்றும் கழுகைக் கண்டால் ஆற்றில் குதித்து முங்கிக்கொள்கிறது. கனத்த எலும்பு என்னும் உங்கள் கேள்வி இங்கே திரும்பி வருவதைக் கவனியுங்கள்: ஆவுளியாவின் வழியும் ஓங்கிலின் வழியும் வேறுவேறு, ஆனால் நீரில் இறங்கிய தொடக்கத்தில் இரண்டுமே எலும்பைக் கனக்கவைத்துக்கொண்டன. பிற்பாடு ஆழ்கடலில் விரைந்து நீந்தத் தொடங்கிய ஓங்கில் அந்தக் கனத்தை உதறியது. புல் மேயும் ஆவுளியா வைத்துக்கொண்டது.

ஐயத்துக்கு உரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தோஹையஸ் திமிங்கலத்தின் பாட்டன் அன்று. கிடைத்திருப்பது பாகிசீட்டஸைவிடச் சற்று இளையது, ஆகவே ஒன்றுவிட்ட உறவின் வழியில் எஞ்சி நின்றது என்பதே சரி. இமாசலத்தின் சுபாத்து பாறைகளிலிருந்து 1998-இல் விவரிக்கப்பட்ட இமாலயாசீட்டஸ் என்னும் திமிங்கலத்தின் தாடைக்கு 5.35 கோடி என்ற வயது சொல்லப்பட்டது. எல்லோரும் அதை ஏற்கவில்லை. நீர்யானையின் பக்கத்தில் இடைவெளி பெரிது: திமிங்கலங்கள் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருக்க, நீர்யானையின் புதைபடிவங்கள் மிகப் பிற்காலத்தவை. 2015-இல் கென்யாவிலிருந்து விவரிக்கப்பட்ட, 2.8 கோடி ஆண்டுப் பழைய எபிரிகெனிஸ் என்னும் நீர்யானை உறவு அந்த இடைவெளியைக் குறைத்தது, மூடவில்லை. எதற்காக நீரில் இறங்கின, பகைக்கு அஞ்சியா இரையை நாடியா என்பதற்கு எலும்பு நேராக விடை சொல்லாது. அதைப் பற்றி நான் உள்பட யார் அடித்துப் பேசினாலும் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.

தமிழகத்தில் பழைய குளம்பு விலங்கே கிடைக்கவில்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் பழங்கற்காலக் கருவிகளோடு நீரெருமை, குதிரை, நீலான் ஆகியவற்றின் பற்கள் கிடைத்திருக்கின்றன. அவை மனிதக் கருவிகளின் காலத்தவை; நாம் பேசிய 5 கோடியோடு வைத்துப் பார்த்தால் நேற்று. அரியலூரில் கடல்வாழ் புதைபடிவங்கள் ஏராளம், ஆனால் அவை டைனோசர் காலத்தவை. அங்கே பசுவின் முன்னோரைத் தேடிப் பயனில்லை.

உங்கள் விலா எலும்புக்கு வருகிறேன். ஆவுளியா 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கரை ஒதுங்கியதாகவே இருந்தாலும் அதன் எலும்பை வீட்டில் வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும். கிடைத்த இடம், நாள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, முழு நீளத்துக்கு ஒன்றும் இரண்டு முனைகளுக்கு ஒவ்வொன்றுமாகப் படம் எடுத்துக்கொண்டு, எலும்பை வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள். அறுத்தோ சுரண்டியோ சோதிக்க வேண்டாம். முனை ஏற்கெனவே உடைந்திருந்தால் உடைந்த பரப்பைக் கிட்டத்தில் எடுத்த படமே போதும், துளை தெரிகிறதா திண்ணெலும்பா என்று அதிலேயே பார்த்துச் சொல்லிவிடுவேன். அதே இடத்துக்கு மறுபடி போகும்போது மணலில் சோழி போன்ற கனத்த எலும்பு தென்பட்டால் அதையும் எடுக்காமல் படம் மட்டும் பிடித்து இங்கே போடுங்கள்.